வீட்டுக்கு வேண்டிய ஒன்பது திறப்புகள்

அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கும். உடைந்த பூட்டு, ஒற்றை நட்டு, வளைந்த ஆணி, எதற்கென்று எவருக்கும் தெரியாத இரும்புத் துண்டு ஆகிய யாவும் அதற்குள்ளே அடைக்கலம் புகுந்திருக்கும். அப்பேணியைக் கவிழ்த்துப் பார்த்தால், ‘ட’ என்னும் எழுத்தைப் போல வளைந்த சிறு உருக்குக் கம்பிகள் இரண்டொன்று கீழே விழும். கட்டிலோடு வந்தது ஒன்று; பிள்ளையின் துவிச்சக்கர வண்டியோடு வந்தது மற்றொன்று. அவற்றின் நுனியை உற்று நோக்கினால் ஆறு பக்கங்கள் தோன்றும். கடைக்காரர் இவற்றை ‘அலன் கீ’ என்பர். நாம் இக்கட்டுரையில் ‘அறுகோணத் திறப்பு’ என்று வழங்குவோம்.

இத்தகைய அற்பப் பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என்று வாசகர் வினவலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். எமது எண்ணத்தை மாற்றியது சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டில் நிகழ்ந்த ஒரு விபத்து.

எமது சகோதரியின் மகன் எம்மோடு தங்கிப் படித்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருந்தன. ஒருநாட் காலை, “மாமா, ஹாண்டில் ஆடுது, ஒருக்கால் இறுக்கித் தாங்கோ” என்றான். நாம் பேணியைக் கவிழ்த்து ஒரு திறப்பை எடுத்தோம். ஆணியின் தலையிலுள்ள குழிக்குள் அது எளிதாகவே இறங்கியது. சற்றுத் தளர்வாக இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. திருகினோம், திறப்பு ஒருமுறை வழுக்கிப் பின் நின்றது. “இறுகிவிட்டது” என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தோம்.

மூன்றாம் நாள், மதகடியிலுள்ள இறக்கத்திலே அவன் பிறேக்கை அமுக்கி ஹாண்டிலின்மேற் சாய்ந்தபோது, ஹாண்டில் கழுத்துப் பிடியிலே சுழன்று கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. பிள்ளை தெருவிலே தலைகுப்புற விழுந்தான். நல்லூழாகத் தலைக்கு ஊறு நேரவில்லை. ஆயினும் வலக்கை மணிக்கட்டு வீங்கிவிட, இரண்டு வாரம் பேனை பிடிக்க இயலாதவனானான்.

சந்தியிலே துவிச்சக்கர வண்டி திருத்தும் பெரியவர் ஒருவர் உளர். அவர் அந்த ஆணியின் குழியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். ஆறு மூலைகளும் தேய்ந்து வட்டமாகியிருந்தன. நாம் கொண்டுபோன திறப்பையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மாஸ்ரர், திறப்பிலும் பிழையில்லை, ஆணியிலும் பிழையில்லை. ரெண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளையள் இல்லை. இது அங்குலம், அது மில்லிமீற்றர்” என்றார்.

எமது திறப்பு 3/16 அங்குலம், அஃதாவது 4.76 மில்லிமீற்றர். ஆணியின் குழியோ 5 மில்லிமீற்றர். கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த அவ்வேறுபாடே பிள்ளையைத் தெருவில் வீழ்த்தியது. அன்றே ஒரு முழுத் தொகுதியை ஒழுங்காகச் சேர்ப்பதென்று நாம் முடிவு செய்தோம். அம்முயற்சியில் அறிந்தவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிர்களைக் காக்கப் பிறந்தது

அறுகோணக் குழியுள்ள ஆணி பரவிய வரலாறு, விபத்துத் தடுப்போடு பின்னிப் பிணைந்தது என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளிலே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மின்மோட்டார் இருப்பது அரிது. ஒரே நீராவி இயந்திரமோ நீர்ச்சக்கரமோ, கூரைக்குச் சற்றுக் கீழே ஆலையின் நீளத்துக்கு ஓடும் ஒரு சுழல்தண்டைச் சுற்றும். அத்தண்டில் இடையிடையே கப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். கப்பியிலிருந்து தோல்வார் இறங்கி, கீழேயுள்ள இயந்திரத்தைச் சுழற்றும். எமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இத்தகைய தண்டும் வாரும் நெடுங்காலம் பயன்பட்டன.

கப்பி தண்டின்மேல் வழுக்காதிருக்க, அதன் குடத்தினூடாக ஓர் ஆணியைச் செலுத்தித் தண்டோடு அழுந்த இறுக்குவர். அக்கால ஆணிகளின் சதுரத் தலை கப்பிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தண்டு வேகமாகச் சுழலும்போது அத்தலை கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயிடவோ வாரை மாற்றவோ அருகிற் சென்ற தொழிலாளியின் சட்டைக் கையை அது கொளுவிக்கொள்ளும். மறுகணம் ஆளையே தண்டு இழுத்துச் சுருட்டிவிடும். கை இழந்தோரும் உயிர் இழந்தோரும் பலர்.

தலையில்லாத ஆணியே இதற்கு மாற்று. தலையில்லாத ஆணியைத் திருகுவது எவ்வாறு? அதன் முகத்தில் ஒரு கீறல் வெட்டித் திருப்புளியாற் திருகினால் போதிய இறுக்கம் கிடையாது. கீறலின் ஓரமும் உடைந்துவிடும். ஆணிக்கு உள்ளேயே ஒரு குழியமைத்து, அதற்கேற்ற திறப்பினாற் திருகும் எண்ணம் முன்னரே சிலரிடம் இருந்தது. கனடா நாட்டவரான பீற்றர் றொபேட்சன் 1908ஆம் ஆண்டிலே சதுரக் குழியுள்ள ஆணியை உருவாக்கினார். ஆயினும் ஆறு மூலையுள்ள குழியைக் கடினமான உருக்கிலே திருத்தமாகவும் மலிவாகவும் உண்டாக்குவது எளிதன்று.

அத்தொல்லையைத் தீர்த்தவர்களில் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹாட்போட் நகரைச் சேர்ந்த வில்லியம் அலன் என்பவர். அறுகோண அச்சொன்றைச் சுற்றி, உருக்கைக் காய்ச்சாமலே அமுக்கிக் குழியை உருவாக்கும் முறைக்கு 1910ஆம் ஆண்டில் அவர் ஆக்கவுரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் அந்த ஆணியை ‘பாதுகாப்பு ஆணி’ என்றே விளம்பரஞ் செய்தது. கப்பியின் மேற்பரப்போடு சமமாக உள்ளே அமிழ்ந்துவிடும் அவ்வாணியிலே சட்டை கொளுவுவதற்கு இடமில்லையன்றோ? பேணிக்குள் நாம் எறிந்துவைத்த கம்பி, எத்தனையோ தொழிலாளரின் உயிரைக் காத்த ஆணிக்குத் துணையாய்ப் பிறந்தது.

ஊருக்கொரு பெயர்

அலன் என்பவரின் பெயர் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நிலைத்துவிட்டது. ஏனைய நாட்டவர் வேறு பெயர்களால் இதனை அழைப்பர். ஜேர்மனியில் இதற்கு ‘இன்பஸ்’ என்று பெயர். நொய்ஸ் நகரத்து பௌவர்–ஷௌவர்ட்டே என்னும் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலே இப்பெயரை வழங்கியது. ‘உள்ளே அறுகோணமுடைய ஆணி’ எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்துகளோடு நிறுவனத்தாரின் பெயர் முதலெழுத்துகளையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. இத்தாலியிலே எகிடியோ புறூகொலா என்னும் தொழிலதிபரின் குடும்பப் பெயரே திறப்புக்கும் பெயராயிற்று. டென்மார்க், நோர்வே மக்களோ ஓர் அமெரிக்க வணிகப் பெயரைத் தழுவி ‘உன்பிறாக்கோ’ என்பர். பெயர் எதுவாயினும் வடிவம் ஒன்றே.

ஆறு பக்கம் ஏன்?

மாணவர் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புதல் நன்று. சதுரமும் இருக்க, எண்கோணமும் இருக்க, அறுகோணத்தைத் தேர்ந்தது ஏன்?

சதுரத் திறப்பை எடுத்து மீண்டும் குழியில் வைப்பதற்கு, அதனை 90 பாகை திருப்பவேண்டும். அறுகோணத்துக்கு 60 பாகை போதும். சுவரோரத்திலும் சில்லின் கம்பிகளுக்கு இடையிலும் கை அசைய இடமில்லாத வேளைகளில் அந்த 30 பாகை பெரியதோர் உதவியாகும். எண்கோணமாயின் 45 பாகையே போதுமாயினும், பக்கங்கள் கூடக் கூட வடிவம் வட்டத்தை நெருங்கும். மூலைகள் மழுங்கி வழுக்குதல் எளிதாகும். வலிமைக்கும் வசதிக்கும் நடுவே நிற்பது அறுகோணம்.

‘ட’ வடிவத்துக்கும் காரணம் உண்டு. குறுங்கையை ஆணிக்குள் வைத்து நெடுங்கையைப் பிடித்தால், நெம்புகோலின் விதிப்படி பெரிய திருகுவிசை கிடைக்கும். 5 மில்லிமீற்றர்த் திறப்பின் நெடுங்கை சாதாரணமாகச் சுமார் 8 சென்ரிமீற்றர் நீளமுடையது. மாறாக நெடுங்கையை உள்ளே வைத்துக் குறுங்கையை விரலாற் சுழற்றினால், தளர்ந்த ஆணியை விரைவாகக் கழற்றலாம். விரைவுக்கு ஒரு கை, வலுவுக்கு ஒரு கை எனக் கொள்க.

திறப்பின் நீளமும் கனமும் மனம்போனபடி அமைந்தவையல்ல. அளவு கூடக் கூடக் கையும் நீளும். சிறு ஆணிக்குச் சிறு நெம்பே கிடைக்குமாறு அமைத்தபடியால், வெறுங்கையினால் இறுக்கும்போது ஆணியை முறிப்பது அரிது. ஆகவே, திறப்பிலே இரும்புக் குழாயைக் கொளுவி நீட்டி இறுக்குவோர், ஆணிக்கு அமைந்த பாதுகாப்பைத் தாமே நீக்கிவிடுகின்றனர்.

இரண்டு குடும்பங்கள்

இனி, சந்தியிற் பெரியவர் சொன்ன குடும்ப விடயத்துக்கு வருவோம். அறுகோணத் திறப்பின் அளவு என்பது எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரம். மூலைக்கு மூலை அளப்பது தவறு. வேணியர் இடுக்கிமானி கிடைக்குமாயின், மாணவர் தம் வீட்டுத் திறப்புகளை அளந்து பார்ப்பது பயனுள்ள பயிற்சியாகும்.

மில்லிமீற்றர்க் குடும்பத்திலே வீட்டுக்கு வேண்டியவை 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 என்னும் ஒன்பது. அங்குலக் குடும்பத்திலே 1/16, 5/64, 3/32, 1/8, 5/32, 3/16, 7/32, 1/4, 5/16, 3/8 என்னும் பத்தும் பெரும்பாலும் புழங்குவன. யப்பானிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் செய்யப்படும் பொருள்கள் மில்லிமீற்றரையே தழுவும். பழைய ஆங்கில இயந்திரங்களிலும், அமெரிக்க இயந்திரங்கள் பலவற்றிலும் அங்குலம் இருக்கும். எமது நாட்டிலோ பாட்டனார் காலத்து ஆங்கில நீரிறைக்கும் இயந்திரமும் பேரனின் புதிய துவிச்சக்கர வண்டியும் ஒரே கொட்டிலில் நிற்கின்றன. குழப்பம் நேர்வதற்கு வேறு காரணம் வேண்டுமோ?

இரு குடும்பத்துக்குமிடையே நெருங்கிய ஒற்றுமையுடைய சோடிகள் மூன்று உள. 5/64 அங்குலம் 1.98 மில்லிமீற்றர், அது 2க்கு மிக அண்மையது. 5/32 அங்குலம் 3.97, அது 4க்கு அண்மையது. 5/16 அங்குலம் 7.94, அது 8க்கு அண்மையது. மூன்றிலும் மேலேயுள்ள எண் 5 என்பதை நினைவிற் கொண்டால் மறவாது. அவசரத்துக்கு இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்துவோர் உளர். பெருவலு வேண்டாத இடங்களில் அதனாற் பெரிய தீங்கில்லை.

ஏமாற்றும் சோடிகளும் உள. 3/32 அங்குலம் (2.38) 2.5 மில்லிமீற்றர்க் குழிக்குள்ளும், 3 மில்லிமீற்றர் 1/8 அங்குலக் (3.18) குழிக்குள்ளும், 3/16 அங்குலம் (4.76) 5 மில்லிமீற்றர்க் குழிக்குள்ளும், 6 மில்லிமீற்றர் 1/4 அங்குலக் (6.35) குழிக்குள்ளும் தடையின்றி இறங்கிவிடும். இறங்குவதால் பொருந்திற்று என எண்ணுவதே தவறு. கணக்கிட்டுப் பார்த்தால், 4 மில்லிமீற்றர்க் குழியில் 5/32 அங்குலத் திறப்பு 1 பாகைக்கும் குறைவாகவே ஆடும். 5 மில்லிமீற்றர்க் குழியில் 3/16 அங்குலத் திறப்போ ஏறத்தாழ 5 பாகை ஆடிய பின்னரே சுவரைத் தொடும். அப்போதும் அதன் பக்கம் படியாது. மூலை மட்டுமே கத்தி போலக் கீறும். எமது பிள்ளையின் ஆணிக்கு நேர்ந்தது அதுவே.

குழியிலே ஆறு மூலைக்குப் பதிலாக ஆறு இதழுள்ள நட்சத்திர வடிவம் காணப்பட்டால் அது வேறு இனம். ‘ரொர்க்ஸ்’ எனப்படும் அவ்வகை 1967ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் உருவானது. அதற்கெனத் தனித் திறப்பு உண்டு. அறுகோணத் திறப்பை அதற்குள் அடித்து இறக்குவது இரண்டையும் பாழாக்கும்.

எந்த அளவு எதற்கு?

கடையிலே முப்பது துண்டுத் தொகுதி என்று பளபளப்பாகத் தொங்குவதைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. அவற்றிற் பாதி என்றும் கையில் எடுபடாதவையாக இருக்கக்கூடும். எந்த அளவு எங்கே பயன்படும் என்று அறிந்துகொண்டு சேர்ப்பதே சிக்கனம்.

முதலில் வாங்கவேண்டியவை 4, 5, 6 ஆகிய மூன்றும். பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும் கட்டில், மேசை, அலுமாரி ஆகியவற்றைப் பூட்டுவதற்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் வேண்டும். துவிச்சக்கர வண்டியிலே மட்கார்ட், பொதிதாங்கி, தண்ணீர்ப் போத்தல் தாங்கி ஆகியவற்றின் ஆணிகளுக்கும் அதுவே பொதுவாகப் பொருந்தும். ஹாண்டிலின் கழுத்து, இருக்கைத் தண்டு, பிறேக் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 5 வேண்டும். சற்றுப் பருத்த ஆணிகளுக்கு 6 உதவும். பழைய முறையில் முன்தண்டுக்கு உள்ளே இறங்கும் ஹாண்டிற் கழுத்தின் நீண்ட ஆணிக்கும் பல வண்டிகளில் 6 பொருந்தும்.

அடுத்து 2, 2.5, 3 ஆகியவை. கதவுப் பிடியைத் தண்டோடு பிணைப்பது, குளியலறைக் குழாயின் பிடியை இறுக்குவது, சிறு கப்பியை மோட்டாரின் தண்டில் நிறுத்துவது ஆகியவற்றைச் செய்யும் தலையில்லாத சிற்றாணிகள் பெரும்பாலும் இவ்வளவுகளில் அடங்கும். கதவுப் பிடி கையோடு கழன்று வரும்போது புதிய பிடி வாங்க ஓடுவோர், அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாராக. அங்கே ஒரு சிறு துளையும் அதனுள்ளே தளர்ந்த ஆணியும் இருக்கக் காணலாம்.

மூன்றாவதாக 8உம் 10உம். துவிச்சக்கர வண்டியின் மிதிகட்டைக் கையை அச்சோடு பிணைக்கும் ஆணிக்குப் பல புதிய வண்டிகளில் 8 வேண்டும். மோட்டார்ச் சைக்கிள், நீர்ப்பம்பி ஆகியவற்றின் பெரிய ஆணிகளுக்கு 10 பயன்படும். இறுதியாக, மிகச் சிறிய குமிழ்களுக்கு 1.5. இவ்வாறு மூன்று நான்கு மாதத்திலே, சம்பள நாளுக்கு இரண்டு மூன்றாக, ஒன்பதும் நிறைவெய்திவிடும். வீட்டிலே பழைய ஆங்கில இயந்திரம் இருப்பின் மாத்திரம் அங்குலத் தொகுதியையும் தனியே சேர்த்தல் வேண்டும்.

மாணவர் குறிப்பேட்டில் எழுதிவைக்கத்தக்க விதியொன்றும் உண்டு. உருளைத் தலையுடைய சாதாரண அறுகோணக் குழி ஆணியிலே மரைத்தண்டின் விட்டம் 4, 5, 6, 8, 10, 12 மில்லிமீற்றர் ஆயின், வேண்டிய திறப்பு முறையே 3, 4, 5, 6, 8, 10 ஆகும். வரிசையில் ஓரளவு பின்தங்கியே திறப்பு வரும் என்க. தலை தட்டையாகப் பலகைக்குள் அமிழும் ஆணிக்கு இதனினும் சிறிய திறப்பும், தலையில்லாத ஆணிக்கு அதனினும் சிறியதும் வேண்டும். 6 மில்லிமீற்றர் ஆணியை எடுத்துக்கொண்டால், உருளைத் தலைக்கு 5, அமிழும் தலைக்கு 4, தலையில்லாததற்கு 3 என முறையே குறைந்து செல்வதைக் காணலாம்.

வாங்கும்போது கவனிக்க

நல்ல திறப்பின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும். ஆறு விளிம்பும் கூராகவும் ஒரே சீராகவும் இருக்கும். அளவு திறப்பிலேயே பொறிக்கப்பட்டிருத்தல் விரும்பத்தக்கது. குரோமியமும் வனேடியமும் கலந்து பதமிட்ட உருக்கினாற் செய்தவை நெடுங்காலம் உழைக்கும். பெட்டித் தளபாடத்தோடு இலவசமாக வரும் திறப்புகளில் மென்மையானவை பல. ஒருமுறை பூட்டுவதற்கே அவை போதுமானவை, நாட்பட உழைப்பனவல்ல. ஆகவே அவற்றை ஒன்பதில் ஒன்றாக எண்ணிவிடலாகாது.

நெடுங்கையின் நுனி உருண்டையாகக் கடையப்பட்ட திறப்புகளும் உண்டு. நேராக நுழைய முடியாத இடத்திலே, சுமார் 25 பாகை சாய்வாகவும் அவற்றை வைத்துத் திருகலாம். வசதி பெரிதாயினும், அவ்வுருண்டையின் கழுத்து மெலிந்தது. தளர்ந்த ஆணியைச் சுழற்றுவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தி, இறுதி இறுக்கத்துக்குக் குறுங்கையைக் கொள்வதே முறை.

பயன்படுத்தும் முறை

முதலாவது, குழியைத் துப்புரவு செய்க. சேறும் மணலும் அடைந்த குழிக்குள் திறப்பு அரைவாசியே இறங்கும். அரைவாசி இறங்கிய திறப்பு மேல் விளிம்பை மட்டும் பற்றிக் குழியைக் கெடுத்துவிடும். பழைய குடைக்கம்பியின் நுனியாற் கிளறி ஊதிவிட்டால் போதும்.

இரண்டாவது, திறப்பு அடிவரை இறங்கியதா, ஆடாமல் நிற்கின்றதா என விரலால் அசைத்துப் பார்க்க. ஆடினால் நிறுத்துக, வேறு அளவைத் தேடுக. துணித்துண்டைச் சுற்றி ஒப்பேற்றுவது பின்னர் அழுவதற்கே வழியாகும்.

மூன்றாவது, இறுக்கத்தின் அளவை அறிக. ஹாண்டிலைப் பிடிக்கும் சிற்றாணிகளுக்கு 5 அல்லது 6 நியூற்றன் மீற்றர் என்று பல வண்டிகளிலே பொறிக்கப்பட்டிருக்கும். 8 சென்ரிமீற்றர் நீளமான கையின் நுனியிலே ஆறேழு கிலோகிராம் பாரத்தைத் தூக்குமளவு வலுவோடு இழுத்தால் அவ்விறுக்கம் கிடைக்கும். பிடியில் இரண்டோ நான்கோ ஆணிகள் இருப்பின், ஒன்றையே முற்ற இறுக்காது, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். இறுக்கிய பின்னர் வண்டியின்மேல் ஏறாது, முன்சில்லை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு, ஹாண்டிலைத் திருப்பியும் அழுத்தியும் சோதித்துப் பார்க்க. நாம் அன்று அரை நிமிடம் செலவிட்டு இதனைச் செய்திருந்தால் பிள்ளை விழுந்திரான்.

கடற்காற்று வீசும் எமது ஊர்களிலே ஆணிகள் விரைவிற் துருவேறும். துருவேறிய ஆணியோடு மல்லாடாது, ஊடுருவும் எண்ணெயிற் சில துளி விட்டு ஓர் இரவு ஆறவிட்டுக் காலையில் முயல்க. மரையிலே சிறிது கிறீஸ் பூசிப் பூட்டினால் அடுத்த முறை கழற்றுவது எளிதாகும்.

மூலை தேய்ந்த திறப்பை எறியவேண்டியதில்லை. தேய்வு நுனியில் மட்டுமே இருக்கும். அந்த இரண்டு மூன்று மில்லிமீற்றரை அரைகல்லிலே நேராகத் தேய்த்து நீக்கினால் புதிய கூரான விளிம்புகள் தோன்றும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்தல் அவசியம். சூடேறி நிறம் மாறினால் உருக்கின் பதம் கெட்டுவிடும்.

ஒன்பது குழிகள்

ஒன்பதும் சேர்ந்துவிட்டால் தொகுதி முற்றுப்பெற்றது என்று நாம் எண்ணியிருந்தோம். இரண்டு மாதத்துக்குள் மூன்று திறப்புகளைக் காணோம். எவையெவை போயின என்பதுகூட, தேவை வந்த வேளையிலேதான் தெரிந்தது.

இதற்கு வழி கண்டவன் மருமகனே. கை குணமாகிப் பரீட்சையும் எழுதி முடித்த விடுமுறையிலே, ஒரு வேப்பமரக் கட்டையை எடுத்து இழைத்து, அதிலே ஒன்பது துளைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகத் துளைத்தான். ஒவ்வொன்றன் கீழும் அளவைக் கறுப்பு மையினால் எழுதினான். அங்குலத் திறப்புகளுக்கு வேறொரு கட்டை செய்து அதற்குச் சிவப்பு வர்ணம் பூசினான். திறப்புகளின் வளைவிலும் அதே சிவப்பைத் தொட்டுவைத்தான். இப்போது சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தொலைந்த மூன்றையும் மீண்டும் வாங்கினோம்.

கட்டை அடுப்படிக்குப் போகும் வழியிலே, எல்லார் கண்ணிலும் படும் தட்டில் இருக்கின்றது. ஒரு குழி வெறுமையாயிருந்தால் எவரேனும் உடனே கேட்பர். சென்ற மாதம் ஒரு மாலை, எமது வீட்டம்மா, “அஞ்சாம் நம்பரைக் காணேல்லை, ஆர் எடுத்தது?” என்று கேட்டார். கிணற்றடியிலே நீர்ப்பம்பியைத் திருத்திய நாமே குற்றவாளி. கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குள்ளே தேடி எடுத்துவந்து துடைத்து, அதன் குழியில் வைத்தோம். பேணிக்குள் கிடந்த காலமாயின், அடுத்த மழைக்கு அது துருப்பிடித்த துண்டாகியிருக்கும். ஆத்திரத்தில் வேறொன்றை எடுத்து வழுக்கவும் விட்டிருப்போம்.

வாசகர் இந்த ஞாயிறு மாலையிலேயே தம் வீட்டுப் பேணியைக் கவிழ்த்துப் பார்ப்பாராக. கிடைக்கும் திறப்புகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து அளந்து, அங்குலத்தை ஒரு புறமும் மில்லிமீற்றரை மறுபுறமும் பிரித்து வைப்பாராக. குறைந்தவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை இரும்புக்கடைப் பக்கம் போகும்போது வாங்கினால் போதும். அதற்கு முன்னர், நாளைக் காலை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வண்டி ஹாண்டிலை ஒருமுறை பிடித்து அசைத்துப் பார்த்துவிடுவது நல்லது.